அரிப்புக்கு க்ரீம் கேட்டு வரும் பெண்ணுக்கு நாம் செய்யும் தவறுகள்

மெடிக்கல் ஷாப்பில் 18 வருடம் ஓடிவிட்டது. டி.ஃபார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) முடித்துக் கவுண்டருக்கு வரும் பிள்ளைகள், நான் அன்று செய்ததையே செய்கிறார்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மூன்று மருந்து கலந்த க்ரீம்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். பிறப்புறுப்பில் அரிப்போடு வரும் பெண்கள் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, "அக்கா, அங்க ஒரே அரிப்பு, ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்பார்கள். அவர்கள் கூச்சம் நம்மையும் தொற்றிக்கொள்ள, ஒரு கேள்வியும் கேட்காமல் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், க்ளோபெட்டசால் மூன்றும் சேர்ந்த ட்யூபை எடுத்து நீட்டிவிடுவோம். க்ளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. அரிப்பு சட்டென்று அடங்கும், பூஞ்சை உள்ளே அப்படியே இருக்கும், நிறுத்தினால் இன்னும் மோசமாகத் திரும்பும்.

என்னிடம் ஒருவர் மூன்று மாதத்தில் ஐந்து ட்யூப் வாங்கினார். தோல் மெலிந்து வெடித்து, சிறுநீர் பட்டாலே எரிகிறது என்று அழுதபோதுதான் டாக்டரிடம் அனுப்பினேன். சுகர் 340. சர்க்கரையைக் குறைத்து, க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மாத்திரையை டாக்டர் சொன்னபடி இரவில் பிறப்புறுப்பின் உள்ளே வைத்ததும் சரியானது. "சுகர் பார்த்தீங்களா?" என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

எல்லா வெள்ளைப்படுதலும் பூஞ்சை என்று நினைப்பது

தயிர்க்கட்டி மாதிரி, பெரிதாக வாடை இல்லாமல், அரிப்போடு வந்தால் பூஞ்சையாக இருக்கலாம். மீன் வாடை அடித்தாலோ மஞ்சள் பச்சையாக நுரைத்தாலோ பெரும்பாலும் வேறு கிருமி, அதற்குப் பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல் 150 மாத்திரை வேலை செய்யாது. அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். முதல் முறை வருபவரையும்தான்.

கர்ப்பமா என்று கேட்காதது

கர்ப்பம் என்றால் ஃப்ளுகோனசோலைத் தொடாதீர்கள். டாக்டர் பார்த்து, ஏழு நாள் உள்ளே வைக்கும் மருந்து எழுதுவார்.

கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவது

வேண்டவே வேண்டாம்.

திரும்பத் திரும்ப அதே மாத்திரை

வருடத்தில் மூன்று நான்கு முறை வந்தால் பஞ்சுக்குச்சியில் ஸ்வாப் எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற பூஞ்சை வகை ஃப்ளுகோனசோலுக்குச் சரியாக அடங்குவதில்லை. வழக்கமாக வரும் கேண்டிடா அல்பிகன்ஸ் வகைதான் என்றால் வாரம் ஒரு மாத்திரை வீதம் ஆறு மாதச் சிகிச்சை இருக்கிறது, அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், பழைய சீட்டில் டாபாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், பூஞ்சைக்கு அதுவே தீனி. அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லாமல், எழுதிய டாக்டரிடமே போய் இந்த அரிப்பைச் சொல்லச் சொல்லுங்கள்.