வளைவில் ஒடிந்த வளரி

மருது சகோதரர்கள் ஆங்கிலேயரை எதிர்த்து நடத்திய 1801 போரை நடித்துக் காட்டும் குழுவில் புதிதாகச் சேர்ந்தேன். முதல் வேலை, எனக்கான வளரியை, அதாவது எறிந்து தாக்கும் பிறை வடிவ ஆயுதத்தை, மரத்தில் செய்வது. சின்ன மருதுதான் தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தார் என்று ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியிருப்பதைப் படித்ததிலிருந்தே ஆசை.

பலகையில் பிறை வடிவம் வரைந்து அறுத்தேன். கீழக்கரைக் கடற்கரை மணலில் இரண்டாவது எறியிலேயே நடுவில் ஒடிந்தது. பசை போட்டு ஒட்டினேன், ஒட்டுக்குப் பக்கத்தில் பிளந்தது. அப்புறம் தடிமனைக் கூட்டி வேறொன்று செய்தேன். கனம்தான் ஏறியது, அதுவும் வளைவிலேயே போனது. ஒரு வாரம் வீண்.

ஒடிந்த துண்டுகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். மூன்றிலும் விரிசல் மரத்தின் நார் ஓடும் ரேகையோடு நேராக ஓடியிருந்தது. பலகையில் ரேகை நேர்கோடு; வளைவில் அது குறுக்கே வெட்டுப்பட்டு, குட்டைக் குட்டையாக நிற்கிறது. பிடிமானமே இல்லை.

படகு கட்டும் தச்சர் அண்ணனிடம் காட்டினேன். "வளைவுக்கு வளைஞ்ச கொம்பைத்தான் தம்பி எடுக்கணும், படகோட விலாக்கட்டைக்கும் அப்படித்தான்" என்றார்.

சீமைக் கருவேலத்துக்கா இங்கே பஞ்சம்? தானாக வளைந்த கிளை ஒன்றை வெட்டி, இரு முனையிலும் மெழுகு பூசி நிழலில் காயவைத்தேன். மெழுகு இல்லாவிட்டால் நுனி முதலில் காய்ந்து வெடிக்கும். நன்றாகக் காய்ந்ததும் ரேகை போன போக்கிலேயே செதுக்கினேன்.

ஆளில்லாத கரையில் நாற்பது தடவை எறிந்துவிட்டேன். கீறல்கூட இல்லை. அப்பாடா!