எளிய எதிராளிகளை வென்ற சாம்பியனை எடைபோடுவது எப்படி?

குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் (மிகை எடைப் பிரிவு) சாம்பியனின் வெற்றிக் கணக்கில் மயங்காமல், எதிரே நின்றவர்கள் வளையத்துக்குள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்க ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ் 1940 டிசம்பர் முதல் 1941 ஜூன் வரை மாதம் ஒருவராக ஏழு பேரைச் சந்தித்தபோது, எல்லோரும் சோப்ளாங்கிகள் என்று பத்திரிகைகள் எள்ளி நகையாடின. ஆனால் மே மாதம் பட்டி பேயர் முதல் சுற்றிலேயே லூயிஸைக் கயிறுகளுக்கு வெளியே தள்ளினார். ஜூனில், எடை மிகக் குறைந்த பில்லி கான், பன்னிரண்டு சுற்றுகள் முடிவில் நடுவர்களின் மூன்று மதிப்பெண் தாள்களில் இரண்டில் முன்னிலையில் இருந்து, பதின்மூன்றாவது சுற்றில்தான் வீழ்ந்தார்.

அடுத்து, சாம்பியன் வலுவானவரைத் தவிர்த்தாரா, அல்லது அக்காலத்தில் அப்படி ஆளே இல்லையா என்று பிரித்தறியுங்கள். 1936-இல் தம்மை வீழ்த்திய ஜெர்மன் வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை லூயிஸ் 1938-இல் மீண்டும் சந்தித்து, முதல் சுற்றிலேயே முடித்தார். அந்தக் கேலியைவிட இதுவே எனக்குக் கனமான சான்று.