புதிய கார் விலையில் எங்கே பேரம் பேசலாம்?

ஷோரூம் விலை நிறுவனம் நிர்ணயித்தது, குறையாது என்று டீலர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடாதீர்கள். வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த 'ஆன்ரோடு' விலையை ஒவ்வொரு தொகையாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகின்றன. அவற்றில் பேச இடமில்லை.

காப்பீட்டில்தான் நிறைய இடம் இருக்கிறது. டீலரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதே காருக்கு, அதே ஐடிவி மதிப்பு (கார் திருடுபோனால் அல்லது முழுதும் சேதமானால் கிடைக்கும் அதிகபட்சக் காப்பீட்டுத் தொகை), அதே கூடுதல் பாதுகாப்புகளுடன் வெளியே இரண்டு நிறுவனங்களிடம் பிரீமியம் எவ்வளவு என்று எழுதி வாங்கி, அந்தத் தாளை டீலரிடம் காட்டிப் பேசுங்கள். பெரும்பாலும் இறங்கி வருவார்கள். 'ஹேண்ட்லிங் கட்டணம்' என்று ஒரு தொகை இருந்தால், நீக்கச் சொல்லத் தயங்கவே வேண்டாம். அது அரசுக் கட்டணம் அல்ல. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்குப் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.