நம்ம பக்கத்து சின்ன வியாபாரத்துக்கு ஏஐய வச்சி ஒன்லைன் கோர்ஸ் செய்றது எப்படி

இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்ட லயத்துல (வரிசை வீட்டுல) இருந்துகிட்டே தையல், கேக், பலகாரம்னு தொழில் செய்ற அக்காமாரு நெறய பேரு இருக்காங்க, கை வேலையில ஒரு கொற சொல்ல ஏலாது, ஆனா விலை போடுற எடத்துலதான் அடி வாங்குறாங்க. அவங்களுக்காக வட்ஸ்அப்ல ஒரு சின்ன கோர்ஸ் செய்வோம்னு உக்காந்தப்பதான் சாட்ஜிபிடி, ஜெமினிங்கிற ஏஐ ரெண்டையும் பாவிக்க ஆரம்பிச்சேன். எப்படி கேட்டா ஒழுங்கான பதில் வரும்னு புடிபட கொஞ்ச நாள் ஆச்சி.

மொத நாள் நான் கேட்டது, "சின்ன வியாபாரத்துக்கு ஒரு ஒன்லைன் கோர்ஸ் செஞ்சி தா", அவ்வளவுதான். 12 பாடம் வந்துச்சி, பாடத்துக்கு 20 நிமிஷ வீடியோ, வாரம் ஒரு சூம் கிளாஸ், அதோட ஜிஎஸ்டி நம்பர் எடுக்கிறது எப்படின்னு தனியா ஒரு பாடம் வேற. ஜிஎஸ்டி இந்தியாவுல உள்ள வரி, நமக்கு வியாபார பேர பதியணும்னா பிரதேச செயலகத்துக்குத்தான் போகணும். 20 நிமிஷ வீடியோ பாக்க எந்த அக்காகிட்ட டேட்டா இருக்கு, லயத்துக்குள்ள சிக்னல் கெடைக்காம ரோட்டுக்கு ஏறி வந்து மெசேஜ் பாக்குறவங்க அவங்க. ஆனா நாம எங்க இருக்கோம், யாருக்கு சொல்லிக் குடுக்க போறோம்னு ஒரு வார்த்த கூட நான் சொல்லலயே, அது எப்படி தெரிஞ்சி எழுதும்.

அதனால போன எடுக்க முந்தி தொழில் செய்ற மூணு நாலு பேரோட போயி கதைங்க. எந்த போன் வச்சிருக்காங்க, எத்தன மணிக்கு கை ஓயும், கணக்கு கொப்பி எழுதுறாங்களா, போன மாசம் எதுல காசு போச்சின்னு கேளுங்க. அவங்க சொன்ன வார்த்தையிலயே குறிச்சி வைங்க, நல்ல ப்ரொம்ப்டுக்கு, அதாவது ஏஐகிட்ட நாம எழுதி கேக்குறதுக்கு, வேண்டிய சரக்கு பூரா அந்த பேச்சிலதான் இருக்கு.

அதுக்கு பொறகு ஏஐகிட்ட பாடம் கேக்காதீங்க, மொதல்ல உங்கள கேள்வி கேக்க சொல்லுங்க. நான் போடுறது இப்படி: "நான் இலங்கை மலையகத்துல இருக்கேன். வீட்டுல இருந்து தையல் தைக்கிற பெண்களுக்கு விலை போட சொல்லிக் குடுக்கணும். வட்ஸ்அப் மட்டும்தான், வொய்ஸ் மெசேஜும் படமும் போதும், சூம் வேணாம். பாடம் எழுத முந்தி உனக்கு தெரிய வேண்டியத ஒவ்வொரு கேள்வியா கேளு, நான் பதில் சொன்ன பொறகு அடுத்தத கேளு." இந்த கடைசி வரிய மட்டும் விட்றாதீங்க, விட்டா பத்து கேள்விய ஒண்ணா கொட்டும், நமக்கு பதில் சொல்லவே அலுத்துப் போயிடும்.

கேள்வி முடிஞ்சதும் கோர்ஸோட கடைசியில இருந்து ஆரம்பிங்க. "அஞ்சாவது நாள் முடியிறப்போ இவங்க ஒரு பிளவுஸுக்கு தானே விலை போட்டு, கஸ்டமருக்கு பயப்படாம சொல்லணும். அதுக்கு என்னென்ன தெரியணும், எது முதல்ல, எது பொறகு?" இப்படி கேட்டா தேவையில்லாத பாடமெல்லாம் தானா கழண்டுரும், எனக்கு 12 பாடம் அஞ்சா வந்தது இதுலதான்.

பாடத்துக்குள்ள போடுற கணக்க மட்டும் கண்ண மூடிகிட்டு எடுக்காதீங்க. இந்த ரூபா கணக்கு உதாரணத்துக்குத்தான், உங்க ஊரு விலைய போட்டுக்குங்க. ஒரு பிளவுஸ் தைக்க கஸ்டமர் குடுக்கிற கூலி 900, அதுல செலவு லைனிங் துணி 350, நூலும் ஹூக்கும் 80, டவுனுக்கு போய் வர பஸ் 120, தைக்க 4 மணித்தியாலம். ஏஐ எல்லாத்தயும் கழிச்சி 350 மிச்சம், மணித்தியாலத்துக்கு 87 ரூபா 50 சதம்னு எழுதி தந்துச்சி. கூட்டல் கழித்தல் சரிதான், ஆனா எந்த அக்காவும் ஒரு பிளவுஸுக்காக டவுனுக்கு போக மாட்டாங்க, ஆறு பிளவுஸுக்கு சாமான் சேத்து ஒரே பயணத்துல வாங்கிட்டு வருவாங்க, அப்ப பஸ் காசு ஒண்ணுக்கு 20தான், மிச்சம் 450, மணித்தியாலத்துக்கு 112 ரூபா 50 சதம். இந்த வித்தியாசம் தொழில் தெரிஞ்சவங்களுக்குத்தான் கண்ணுல படும், நான் இதயே மூணாவது பாடமா வச்சிட்டேன், அதுதான் எல்லாருக்கும் மனசுல நின்ன பாடம்.

பாடத்த எழுத வைக்கிறப்போ ஒண்ணு ஒண்ணா எழுத வைங்க, அஞ்சையும் ஒரே தடவையில கேட்டா கடைசி ரெண்டும் வெறும் பேச்சா வரும். "மூணு நிமிஷம் பேசுற வொய்ஸ் மெசேஜ், ஒரு பாடத்துல ஒரு விஷயம், கடைசியில அன்னைக்கே செய்ற ஒரு சின்ன வேலை"ன்னு சொல்லுங்க. ஏஐ எழுதுற தமிழ், மேடைப்பேச்சு மாதிரி புத்தகத் தமிழா வரும், "உற்பத்திச் செலவு"ன்னு எழுதும், நம்ம அக்காமாரு "கைக்காசு எவ்வளவு போச்சி"ன்னுதான் சொல்லுவாங்க. அவங்க பேசுன நாலு வரிய ப்ரொம்ப்டுல போட்டு "இந்த பேச்சுல எழுது"ன்னு சொன்னா பாதி சரியாகும், மீதிய நீங்க சத்தமா வாசிச்சி வாய்க்கு வராத எடத்தயெல்லாம் மாத்தணும். கஸ்டமர் பேரு, ஐடி நம்பர், பேங்க் கணக்கு இதெல்லாம் ப்ரொம்ப்டுல போடவே வேணாம்.

எழுதி முடிச்சதும் இன்னொரு ப்ரொம்ப்ட்: "நீ எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்ச, வேல முடிஞ்சி வந்து களைப்பா இருக்கிற ஒரு தையல் அக்கா. இந்த பாடத்த கேட்டுட்டு எங்க புரியல, எங்க நிப்பாட்டிட்டு போயிடுவ, சொல்லு." இதுல வர்ற பதில் பல நேரம் கூச்சமா இருக்கும், ஆனா பிரயோஜனம்.

குரூப்ப அட்மின் மட்டும் அனுப்புற மாதிரி செட் பண்ணுங்க, இல்லாட்டி குட் மோர்னிங் படத்துக்கு நடுவுல பாடம் காணாம போயிடும், சந்தேகம் கேக்க வேற குரூப் வைங்க. தோட்டத்துல பறிச்ச கொழுந்த நிறுத்துக் குடுத்து, வீட்டுக்கு வந்து, சமைச்சி முடிய ஏழு மணி ஆகும், அதுக்கு பொறகு அனுப்புங்க. மொத தடவ மூணு பேருக்கு மட்டும் அனுப்பி, மறுநாள் அவங்க கொப்பிய போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க, மூணு பேரும் ஒரே வரியில தடுமாறி இருந்தா அந்த வரிய மட்டும் ஏஐக்கு குடுத்து மூணு விதமா திருப்பி எழுத வச்சி, எது நல்லா இருக்குன்னு அந்த மூணு பேரயே கேளுங்க.