பெர்ஷியன் பூனை வாங்கப் போகிறீர்களா? சீப்பை முதலில் வாங்குங்கள்

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மிக்சர். கறுப்பையும் ஆரஞ்சையும் யாரோ கலந்து கொட்டிய மாதிரி இருப்பதால் மகள் வைத்த பெயர். பெர்ஷியன், பெண், நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 2019 தீபாவளி முடிந்த வாரத்தில் நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து உறவுக்காரர்கள், ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள், மகளுடைய சிநேகிதிகளின் அம்மாக்கள் என்று ஆளாளுக்கு ஃபோன் செய்து, "நாங்களும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், எந்த ஜாதி நல்லா இருக்கும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காலையில் உங்களுக்கு எத்தனை நிமிஷம் மிச்சம் இருக்கும்? கேட்டதும் எதிர்முனையில் ஒரு மௌனம் வரும். எல்லோரும் பூனையின் முகத்தைப் பார்த்துத்தான் ஜாதியை முடிவு செய்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரத்தில் முகம் பழகிவிடும். அப்புறம் தினமும் செய்ய வேண்டிய வேலைதான் கண்ணில் படும்.

'பெடிகிரி' என்றால் நம் ஊரில் நாய்த் தீனி பாக்கெட்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது வம்சாவளிக் காகிதம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி என்று சில தலைமுறைகளின் பெயரும் நிறமும் அதில் இருக்கும்; ஏதாவது ஒரு பூனைச் சங்கத்தின் பதிவு எண் இருக்கும். வாங்குவதற்கு முன் நான் ஏறி இறங்கிய ஆறு இடங்களில் ஒரே ஒருவரிடம்தான் அந்தக் காகிதம் இருந்தது. மற்றவர்கள், "முடியப் பாருங்க மேடம், ஒரிஜினல் பெர்ஷியன்" என்றார்கள். நீள முடி ஒரு சாட்சியே இல்லை. அது மறைந்து நின்று வெளிப்படும் குணம். பெர்ஷியனையும் நாட்டுப் பூனையையும் சேர்த்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் குட்டை முடியோடு பிறக்கும். அந்தக் குட்டிகளுக்குப் பிறப்பதில் சில புசுபுசுவென்று வந்து நிற்கும். கலப்பாக இருப்பதில் தப்பே இல்லை, விலையை மட்டும் அதற்குத் தகுந்த மாதிரி பேசுங்கள்.

மற்ற ஜாதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சயாமீஸ் தாய்லாந்துப் பூனை. வாய் ஓயாது. குளியலறைக் கதவைச் சாத்தினால்கூட வெளியே நின்று விசாரணை நடத்தும். அதன் நிறம் ஒரு வேடிக்கை: குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய வெள்ளை, பிறகு உடம்பில் சூடு குறைந்த இடங்களான காது, மூக்கு, வால், பாதம் மட்டும் கறுத்துக்கொண்டு வரும். முடி வேலை கிடையாது, பேச்சுத் துணை வேண்டுபவர்களுக்கு நல்லது. பெங்கால் பூனை, காட்டில் வாழும் சிறுத்தைப் பூனையோடு வீட்டுப் பூனையைச் சேர்த்து உருவாக்கிய ஜாதி. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அதை வைத்தால் திரைச்சீலையும் மிஞ்சாது, உங்கள் தூக்கமும் மிஞ்சாது. மெய்ன் கூன் அமெரிக்காவின் பனிப்பிரதேசத்துப் பூனை. ஆண் எட்டு கிலோகூட வரும். முழுசாக வளர மூன்று நான்கு வருஷம் ஆகும். இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் இந்த ஜாதியில் உண்டு. அதற்கான மரபணு மாற்றம் ஒன்றை 2005இல் கண்டுபிடித்துவிட்டார்கள், பரிசோதனையும் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை சொல்பவர் அந்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டட்டும்.

ஸ்காட்டிஷ் ஃபோல்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். காது மடங்கி ஆந்தைக் குஞ்சு போல இருக்குமே, அதுதான். 1961இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் கிடைத்த சூசி என்ற பூனையிலிருந்து வந்த வம்சம். காதை மடக்கும் அதே குறை உடம்பு முழுக்கக் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. வால் விறைக்கும், மூட்டு வலிக்கும். பிரிட்டனின் பூனைச் சங்கமான ஜிசிசிஎஃப் அதைப் பதிவே செய்வதில்லை. ஃபோனில் பார்த்து ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

சரி, பெர்ஷியனுக்கு வருகிறேன். பெயரில்தான் பாரசீகம். பியெத்ரோ தெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி 1620 வாக்கில் பாரசீகத்தில் நீள முடிப் பூனைகளைப் பார்த்து எழுதினார் என்று வரலாறு சொல்லும். ஆனால் 2008இல் வந்த ஒரு மரபணு ஆய்வில் இன்றைய பெர்ஷியன்கள் மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் சேர்ந்து நின்றன. தட்டை முகம் அதற்கும் பின்னால் வந்த சமாச்சாரம். போன நூற்றாண்டில் கண்காட்சிக்காக வளர்ப்பவர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து மூக்கை உள்ளே தள்ளினார்கள்.

நம் ஊர் வியாபாரிகள் முகத்தை நாலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச், எக்ஸ்ட்ரீம் பஞ்ச். மூக்கு உள்ளே போகப் போக விலை மேலே போகும். பூனையின் சுகம் நேர் எதிர்த் திசையில் போகும். முகம் அமுங்கினால் கண்ணீர் வடியும் குழாயும் கோணிக்கொள்ளும். அதனால் கண்ணில் எப்போதும் நீர், கன்னத்தில் துரு மாதிரிக் கறை. பல் வரிசை நெருக்கும். மூச்சு குறட்டையாக வரும். நான் கற்றுக்கொண்ட சோதனை சுலபமானது. குட்டியை நேராகப் பாருங்கள். முடியில்லாத மூக்கு நுனியின் மேல் விளிம்பு, கண்ணின் கீழ் இமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஜிசிசிஎஃப் கண்காட்சியிலேயே மூக்கு அதற்கு மேலே ஏறிய பூனைக்குப் பரிசை நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். மிக்சர் செமி பஞ்ச், கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. அவளுக்கே தினம் இரண்டு வேளை கண் துடைக்க வேண்டியிருக்கிறது. இன்று வாங்கினால் டால் ஃபேஸ்தான் வாங்குவேன்.

நிறத்தில் ஒரு ரகசியம். வெள்ளைக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள், அதிலும் இரண்டு கண்ணும் நீலம் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த மாதிரிப் பூனைகளில் காது கேளாதவை மிக அதிகம். குட்டி பார்க்காத பக்கத்திலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காது திரும்ப வேண்டும். கறுப்பு ஆரஞ்சுக் கலவை நம் ஜனங்களுக்கு அழுக்காகத் தெரிகிறது போலும். அதே ஈற்றில் வெள்ளைக்குப் பதினெட்டாயிரம் கேட்டவர் மிக்சரைப் பன்னிரண்டாயிரத்துக்குக் கொடுத்தார்.

குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் ஆகியிருந்தால் நல்லது. எட்டு வாரத்துக்குக் குறைவென்றால் திரும்பி வந்துவிடுங்கள். "ரெண்டு மாசம் ஆயிடுச்சு" என்று நாற்பது நாள் குட்டியை நீட்டுவார்கள். கண்ணைப் பாருங்கள். எல்லாக் குட்டிக்கும் ஆரம்பத்தில் கண் மங்கிய நீலமாக இருக்கும், ஆறேழு வாரத்துக்குப் பிறகுதான் சொந்த நிறம் ஏறும். வெள்ளைக்கும் சயாமீஸுக்கும் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய் வேறு ஊரில் இருக்கிறது என்றால் நீங்களும் வேறு ஊருக்குக் கிளம்புங்கள்.

நான் தாயைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், காதின் ஓரத்தைப் பார்க்கவில்லை. பத்து பைசா அளவுக்கு முடி கொட்டியிருந்தது. விற்றவர், "கூட இருந்த குட்டி கடிச்சது" என்றார். நம்பினேன். மூன்றாவது வாரம் மகளின் கழுத்தில் சிவப்பாக ஒரு வட்டம். அப்புறம் என் முழங்கையில். அப்புறம் அத்தையின் கையில். படர்தாமரை! பெர்ஷியன்களை அதிகமாகப் பிடிக்கும் பூஞ்சை அது. மருத்துவர் அறை விளக்கை அணைத்து, ஊதா விளக்கைப் பிடித்தபோது மிக்சரின் காதோரம் ஆப்பிள் பச்சையாக மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரம் மருந்து, ஒரு வாரம் இடைவெளி என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, போர்வை, சோபா உறை எல்லாம் துவைத்து, தினமும் தரை துடைத்து, ஓய இரண்டரை மாதம் ஆனது. அத்தை எங்களுக்குச் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினார்கள். பூனைக்கு அதெல்லாம் பூசக் கூடாது, எதைப் பூசினாலும் நக்கிவிடும். தோல் டாக்டருக்கும் பூனை டாக்டருக்கும் கொடுத்தது பூனை விலையில் பாதியைத் தாண்டியது. ஆகவே, வழுக்கைப் பொட்டு ஒன்று தெரிந்தாலும் எடுக்காதீர்கள்.

இப்போது சீப்பு. பெர்ஷியனின் முடிக்குள் அடிமுடி ஒன்று பஞ்சு போல இருக்கும், அதுதான் சிக்காகும். மேலோட்டமாக பிரஷ் போட்டால் வெளியே பளபள, உள்ளே கம்பளம். பல் அகலமும் நெருக்கமும் பாதிப்பாதியாக இருக்கும் ஸ்டீல் சீப்பு வேண்டும். அக்குள், வயிறு, காதுக்குப் பின்னால், பின்தொடை ஆகிய நான்கு இடத்தையும் முதலில் வாருங்கள், முதுகு தானாகச் சரியாகிவிடும். எனக்கு தினம் பதினைந்து நிமிஷம், ஆறு மணிக் காபிக்கும் குக்கர் வைப்பதற்கும் நடுவில். சிக்கு விழுந்தால் கொஞ்சம் கார்ன்ஃப்ளார் தூவி விரலால் பிரித்துவிட்டு வாருங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். பூனையின் தோல் துணி மாதிரி. சிக்கை இழுத்தால் தோலும் கூடாரம் போல எழும்பி வரும். முதல் மாதத்தில் நான் கத்தரியை வைத்து இரண்டு தையல் போடவைத்தேன். அன்று நான் சாப்பிடவில்லை, மிக்சர் சாப்பிட்டாள்.

இந்தப் பதினைந்து நிமிஷம் உங்களால் முடியாது, முகம் மட்டும் இதே போல வேண்டும் என்றால் எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர் என்று ஒன்று இருக்கிறது. குட்டை முடி போட்ட பெர்ஷியன். கண், மூச்சுத் தொல்லைகள் அப்படியே இருக்கும்.

சென்னை வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கத்திரி வெயிலில் தட்டை மூக்குப் பூனை திணறும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால் சாதாரணம், பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம். ஈரத் துணியால் பாதத்தையும் வயிற்றையும் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். மதியம் வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் மே மாதத்தில் எங்கள் படுக்கையறை ஏசி 28இல் ஓடும். கரன்ட் பில்லைப் பார்த்து வீட்டுக்காரர், "நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் பன்னிரண்டு வருஷம் ஃபேன்தான் இருந்துச்சு" என்றார். தீனி, லிட்டர் மண் (பூனையின் கழிப்பறை ட்ரேயில் போடுவது), மருந்து எல்லாம் சேர்த்து மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ஆகிறது. ஏசி தனி.

நாங்கள் சைவம். பூனை சைவமாக முடியாது. டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். ஆகவே உலர் தீனியும் பால்கனியில் வைத்துப் பிரிக்கும் ஈரத் தீனி பாக்கெட்டும். முதல் மாதம் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். இப்போது அவர்களே பிரித்து வைக்கிறார்கள், கையைத்தான் மூன்று முறை கழுவுவார்கள். வெங்காயமும் பூண்டும் எந்த ரூபத்திலும் ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம்: காய்ச்சலாக இருக்கிறதே என்று நம் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்துவிடுங்கள். இல்லையென்றால் பருவம் வரும்போது ராத்திரி முழுக்க எழும் ஓலத்தை அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் விவாதிப்பார்கள். பால்கனிக்குப் புறா வலை கட்டாயம். பெர்ஷியன்களுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உண்டு. அப்பா அம்மாவில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம், தெரியவரும்போது பூனைக்கு ஏழு வயதுகூட ஆகியிருக்கும். பெற்றோரின் ஸ்கேனைக் கேளுங்கள். நான் கேட்கத் தெரியாமல் வாங்கிவிட்டு, மிக்சரின் இரண்டாவது வயதில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தேன். கட்டி இல்லை. அந்த ரிப்போர்ட் இன்னும் பீரோவில், மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு இருக்கிறது.

கூட வாழ்வது எப்படி இருக்கும் என்றால், அமைதியாக இருக்கும். மிக்சர் ஃப்ரிட்ஜ் மேல் தாவ மாட்டாள், மியாவ் என்பதுகூட முனகல்தான். நான் எந்த அறைக்குப் போனாலும் இரண்டு நிமிஷம் கழித்து, தற்செயலாக வந்த மாதிரி வந்து வாசலில் உட்காருவாள். மடியில் உட்காரமாட்டாள்; மடிக்குப் பக்கத்தில். கறுப்புப் புடவை கட்டும் ஆசையை விட்டுவிட்டேன். பல்லியைக் கண்டால் ரசிப்பாள். "ஏம்மா, பன்னிரண்டாயிரம் குடுத்தியே, ஒரு கரப்பான்பூச்சியாவது பிடிச்சுதா?" என்று அத்தை வருஷத்துக்கு ஒரு தடவை கேட்பார்கள்.

வாங்கிவரும் நாளில் விற்பவரிடமிருந்து, குட்டி தின்று பழகிய தீனியில் ஒரு வாரத்துக்கும் அது பயன்படுத்திய லிட்டர் மண்ணில் ஒரு கைப்பிடியும் கேட்டு வாங்குங்கள். மண் வாசனை தெரிந்தால் இடம் தெரிந்துகொள்ளும். வீட்டிலேயே சின்ன அறையாகப் பார்த்து தண்ணீர், தீனி, ட்ரே வைத்து, கூடையின் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அக்கம்பக்கத்துக் குழந்தைகளை நான்கு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். மிக்சர் முதல் நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. மகள் எழுந்து போகப் பார்த்தாள், கையைப் பிடித்து உட்காரவைத்தேன். நீங்களும் போகாதீர்கள்.