எடை, உடற்பயிற்சி பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுப்பது என் தொழில். எடை, உடற்பயிற்சி என்று பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்துவிடும். ஜிம், டயட், ஃபிட்னஸ், கலோரி என்று பாதிச் சொற்கள் ஏற்கெனவே நம் பேச்சில் புழங்குபவை, இதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்ற எண்ணம். அந்தத் தெம்பில்தான் தவறுகள் நுழைகின்றன. புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். பெரும்பாலானவை நான் கற்க ஆரம்பித்த காலத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்கள்.

'மசல்' என்பதை எழுதும்போது நடுவில் ஒலிக்காத எழுத்து ஒன்று வரும் என்பது போன்ற சின்ன விஷயங்களை இங்கே எடுக்கப்போவதில்லை. நாலு தடவை படித்தால் அவை தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றைப் பார்ப்போம்.

ஒரு தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஆறு ஆங்கிலச் சொற்களை எழுதி மனப்பாடம் செய்வது

இதை மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். மற்றத் தவறுகளால் பேச்சு தடுமாறும், அவ்வளவுதான். இந்தத் தவறு மனிதர்களைக் காயப்படுத்துகிறது.

நோட்டுப் புத்தகத்தில் 'ஒல்லி' என்று எழுதி, எதிரே தின், ஸ்லிம், ஸ்லெண்டர், லீன், ஸ்கின்னி, ஸ்க்ராணி என்று ஒரு வரிசை. அடுத்த வரியில் 'குண்டு'. அதற்கு எதிரே ஃபேட், சப்பி, ப்ளம்ப், ஸ்டவுட், ஓவர்வெயிட், ஒபீஸ். ஆறுக்கும் பொருள் ஒன்றுதான், வாய்க்கு வருவதைச் சொல்லலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பட்டியல் நீள நீளச் சொல்வளம் கூடிவிட்டது என்ற நிறைவு வேறு.

என்னிடம் படித்த ஒரு பெண் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அவருடைய மேலாளர் வெளிநாட்டில் இருப்பவர், பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தார். பல மாதம் கழித்துப் பார்க்கும் ஒருவரிடம் 'கொஞ்சம் சதை போட்டிருக்கீங்களே' என்று சொல்வது நமக்கு அக்கறை. அதே அக்கறையோடு, முதல் வீடியோ கூட்டத்திலேயே அந்தப் பெண், 'யூ ஹாவ் பிகம் சப்பி, வெரி நைஸ்' என்று சொல்லிவிட்டார். சப்பி என்பது செல்லமான சொல் என்று அவருடைய பட்டியலில் இருந்தது. மேலாளர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையே வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஏன் இப்படி ஆனது என்று இந்தப் பெண் வெகு நாள் குழம்பிக்கொண்டிருந்தார். கடைசியில் கூட வேலை பார்க்கும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

இலக்கணத்தில் பிழை இல்லை, உச்சரிப்பிலும் குறை இல்லை, மனசிலும் கெட்ட எண்ணம் இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவர்மேல்தான் எனக்கு இன்றும் கோபம். ஒரு சொல்லை யார், யாரிடம், எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று சொல்லாமல் பொருளை மட்டும் எழுதிக் கொடுப்பது பாதி வேலைகூட இல்லை. அதே மாதிரிப் பட்டியல்கள் இன்றும் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன.

தமிழில் இந்த நுட்பத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவரை 'ஒடிசலா இருக்கீங்க' என்றால் சிரிப்பார். 'நோஞ்சான் மாதிரி இருக்கீங்க' என்றால் முகம் மாறிவிடும். குழந்தையைக் கொழுகொழு என்று கொஞ்சுவோம், பெரியவரை அப்படிச் சொல்ல மாட்டோம். 'பூசினாற்போல்' என்பதற்கும் 'தடியன்' என்பதற்கும் எவ்வளவு தூரம்! ஆங்கிலச் சொற்களையும் இந்த வரிசையில் வைத்தே பழகிக்கொள்ளுங்கள். ஸ்லிம், ஸ்லெண்டர் இரண்டும் ஒடிசல் பக்கம், பாராட்டு. லீன் என்பது கொழுப்பு இல்லாமல் தசை இறுகிய உடம்பு, ஓட்டக்காரர்களைச் சொல்லப் பொருத்தம். தின் நடுவில் நிற்கும், சொல்கிற குரலைப் பொறுத்துக் கவலையாகவும் கேட்கும். ஸ்கின்னி எலும்பும் தோலும் என்கிற பக்கம் சாயும். ஜீன்ஸுக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்பதற்காக ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். ஸ்க்ராணி நேராக நோஞ்சான்தான்.

எதிர்ப்பக்கத்தில் சப்பி என்பது கொழுகொழு. குழந்தையின் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ப்ளம்ப் ஏறக்குறைய பூசினாற்போல்தான். ஆனாலும் நேரில் சொன்னால் பலர் ரசிப்பதில்லை. ஸ்டவுட் கொஞ்சம் பழைய எழுத்து நடை, நடுவயதைத் தாண்டியவர்களை வர்ணிக்கும் கதைகளில் பார்க்கலாம். ஃபேட் என்பதை ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். நாம் அவரைப் பார்த்துச் சொன்னால் அது வசை.

ஓவர்வெயிட், ஒபீஸ் இரண்டும் மருத்துவச் சொற்கள், அவற்றுக்குக் கணக்கு உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ, அதாவது பாடி மாஸ் இண்டெக்ஸ், கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் பெரியவர்களுக்கு 25 முதல் ஓவர்வெயிட், 30 முதல் ஒபீஸ். இந்த விகிதம் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே கண்டது. அந்தப் பெயர் 1972இல் ஆன்செல் கீஸ் குழுவினரின் ஆய்வுக் கட்டுரையில் வந்தது. ஆக, இவை பரிசோதனை அறிக்கையில் இருக்க வேண்டியவை, பக்கத்து இருக்கைக்காரரை வர்ணிக்க அல்ல. மருத்துவ எழுத்திலேயே இப்போது 'ஒபீஸ் பர்சன்' என்பதைத் தவிர்த்து 'பர்சன் வித் ஒபீசிட்டி' என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. நோயை முன்னால் நிறுத்தாமல் மனிதரை முன்னால் நிறுத்துகிறார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த மாற்றம்.

இன்னொன்று, குண்டாகிவிட்டார் என்பதை நாசூக்காகச் சொல்வதாக நினைத்து 'ஷி ஹாஸ் பிகம் ஹெல்தி' என்கிறோம். கேட்கும் வெளிநாட்டவர், பாவம், இத்தனை நாள் நோயில் கிடந்திருக்கிறார் போல என்று எடுத்துக்கொள்வார்.

சரி, அப்படியானால் சரியான சொல் எது? பல நேரம் எதுவும் இல்லை. மெலிந்தவரிடம் 'யூ ஹாவ் லாஸ்ட் வெயிட்' என்று பாராட்டினால்கூட, அவர் நோயிலோ துக்கத்திலோ மெலிந்தவராக இருக்கலாம். 'யூ லுக் கிரேட்' போதும். எடைக் குறைப்பைப் பற்றி அவரே பேச்செடுத்தால் அப்புறம் நீங்கள் தாராளமாகக் கேளுங்கள்.

இடுப்பு, கால், கை என்று ஒரே சொல்லில் அடக்குவது

தமிழில் இடுப்பு ஒன்று. ஆங்கிலத்தில் விலா எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே உள்ள ஒடுங்கிய பகுதி வெய்ஸ்ட். அதற்குக் கீழே பிட்டத்தோடு சேர்ந்து அகலும் பகுதி ஹிப். இரண்டையும் அளந்து, வெய்ஸ்ட் அளவை ஹிப் அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85 என்ற அளவைத் தாண்டினால் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டுக்கும் ஒரே இடத்தில் நாடாவைச் சுற்றி, 'ரெண்டும் ஒரே அளவுதான் சார்' என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட முக்கியம், நாம் இடுப்பு வலி என்று சொல்வது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதி வலியைத்தான். ஆங்கிலத்தில் அது 'லோயர் பேக் பெயின்'. 'ஹிப் பெயின்' என்று சொன்னால் மருத்துவர் தொடையும் இடுப்பும் சேரும் மூட்டைத்தான் முதலில் சோதிப்பார்.

கணுக்காலுக்குக் கீழே ஃபுட், முழுக் காலுக்கு லெக். மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட், அதற்கு மேலே தோள்வரை ஆர்ம். பயிற்சியாளர் 'ஃபீட் ஷோல்டர் வித் அபார்ட்' என்றால் பாதங்களைத் தோளகலத்துக்கு விலக்கி வைக்கச் சொல்கிறார். என் மாணவர் ஒருவர் புஜம் திரள வேண்டும் என்று இணையவழிப் பயிற்சியாளரிடம் 'ஹேண்ட் எக்ஸர்சைஸ்' கேட்டார். பந்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தும் பயிற்சிகள் வந்து சேர்ந்தன. பயிற்சியாளர்மேல் தப்பே இல்லை, கேட்டதைத்தான் கொடுத்தார்.

எல்லா வலியையும் 'பெயின்' என்பது

'மை லெக் இஸ் பெயினிங்' என்பதை 'மை லெக் ஹர்ட்ஸ்' என்று மாற்றிக்கொள்வது சுலபம். எந்த மாதிரி வலி என்று சொல்லத் தெரியாததுதான் சிக்கல். புதிதாகப் பயிற்சி செய்தவருக்கு ஓரிரு நாள் கழித்துத் தசை முழுக்க அடித்துப் போட்டதுபோல் வலிக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே தணியும். அதற்கு 'சோர்' என்று பெயர். 'ஐ ஆம் சோர்' என்றால் பயிற்சியாளர் பதற மாட்டார். விறைத்து மடங்க மறுத்தால் ஸ்டிஃப். குரக்களி பிடித்தால் க்ராம்ப். மூட்டில் எலும்பை எலும்போடு இணைக்கும் நார் இழுபட்டால் ஸ்ப்ரெய்ன், தசையோ தசையை எலும்போடு இணைக்கும் நாணோ இழுபட்டால் ஸ்ட்ரெய்ன். கணுக்கால் பிசகினால் பெரும்பாலும் ஸ்ப்ரெய்ன்தான்.

குத்துகிற மாதிரி வலித்தால் 'ஷார்ப் பெயின்' என்றே சொல்லுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் பயிற்சியை உடனே நிறுத்துவார்கள். வெறுமனே 'பெயின்' என்று சொன்னால் முதல் வாரம் அப்படித்தான் இருக்கும் என்று தொடரச் சொல்லக்கூடும்.

எடையோடு சேரும் வினைச்சொற்கள்

எடை கூடினால் 'புட் ஆன் வெயிட்' அல்லது 'கெய்ன் வெயிட்'. அந்த 'ஆன்' போனால் வாக்கியம் தரையில் எதையோ வைக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும். குறைந்தால் 'லூஸ் வெயிட்'. இதை எழுதும்போது ஒரே ஒரு 'ஓ' தான். இரண்டு போட்டால் தொளதொள சட்டைக்குச் சொல்கிற 'லூஸ்' ஆகிவிடும். அந்தச் சொல்லில் கடைசி ஒலி பாம்பின் சீறல், எடைக்கான சொல்லில் வண்டின் ரீங்காரம்.

'ஐ வாண்ட் டு ரெட்யூஸ்' என்று பாதியில் நிறுத்துவதும் பரவலாக இருக்கிறது. எதை என்று கேட்பார்கள்.

உங்கள் எடையைச் சொல்ல 'ஐ வெய் 70 கிலோஸ்'. 'ஐ ஆம் வெயிங்' என்றால் நீங்கள் இப்போது எதையோ தராசில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

'திக்' வேண்டாம்

தடியான ஆள் என்பதற்கு இது மொழிபெயர்ப்பு அல்ல. பிரிட்டிஷ் பேச்சில் ஒருவரை 'திக்' என்றால் மந்தபுத்தி என்று பொருள்.

த்ரெட்மில்

ட்ரெட்மில். 'த்ரெட்' என்றால் நூல், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'ட்ரெட்' என்றால் மிதிப்பது. 1818இல் வில்லியம் க்யூபிட் என்ற பொறியாளர் பிரிட்டிஷ் சிறைக் கைதிகள் மிதிப்பதற்காக வடிவமைத்த சக்கரத்திலிருந்து வந்த பெயர்.

ஸ்டோன், பவுண்ட்

ஒரு ஸ்டோன் 14 பவுண்ட், ஏறக்குறைய 6.35 கிலோ. பிரிட்டனில் 'லெவன் ஸ்டோன்' என்பார்கள், 'ஸ்டோன்ஸ்' என்று சொல்வதில்லை. டம்பெல்லில் 'எல்பி' என்று எழுதியிருப்பதை பவுண்ட் என்று படியுங்கள்.

ட்ரெய்னர்ஸ்

பிரிட்டனில் அது காலணி. புது ட்ரெய்னர்ஸ் வாங்கினேன் என்று நண்பர் சொன்னால் பதற வேண்டாம்.

டயட்

'ஐ ஆம் ஆன் எ டயட்' என்றால் எடைக்காகவோ நோய்க்காகவோ சாப்பாட்டைக் கட்டுப்படுத்துகிறேன் என்று பொருள். 'இன் டயட்' அல்ல, 'ஆன்'. ஆனால் மருத்துவர் 'ஹவ் இஸ் யுவர் டயட்' என்று கேட்கும்போது பத்தியம் இருக்கிறீர்களா என்று கேட்கவில்லை, வழக்கமாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறார். 'நோ டயட்' என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். காலையிலிருந்து இரவுவரை சாப்பிடுவதை வரிசையாகச் சொல்லுங்கள், இடையில் கொறிப்பதையும் சேர்த்து.