ஜீப் 4.0-க்கு 4.6 லிட்டர் ஸ்ட்ரோக்கர் இன்ஜின்: வாங்குவதா, கட்டுவதா?

ஜீப்பின் செரோக்கி, ராங்லர் வண்டிகளில் 1987 முதல் 2006 வரை வந்த 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினின் கொள்ளளவைக் கூட்ட ஒரு நேர்வழி உண்டு: பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கைக் கூட்டுவது. அப்படிக் கட்டியதுதான் ஸ்ட்ரோக்கர். அதே குடும்பத்துப் பழைய 4.2 இன்ஜினின் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), 4.0 பிளாக்கில் அப்படியே உட்காரும். மெயின் ஜர்னலும் ராடு ஜர்னலும் (கிராங்கில் பேரிங் உட்காரும் இடங்கள்) இரண்டிலும் ஒரே அளவு. முக்கியமாக மாறுவது ஸ்ட்ரோக்: 86.7 மி.மீ. இருந்த இடத்தில் 98.9 மி.மீ. கூடவே போரை (சிலிண்டர் விட்டத்தை) 0.030 அங்குலம் பெரிதாக்கினால் 4.6 லிட்டர் வரும், 0.060 அங்குலத்துக்குப் போனால் ஏறக்குறைய 4.7.

பாகங்கள் இப்படிப் பொருந்துவதால் வேலை எளிது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஸ்ட்ரோக்கர் கெடுவது பெரும்பாலும் கம்ப்ரஷன் கணக்கில், அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதில். அந்தக் கணக்கை யார் பொறுப்பாகப் போடப்போகிறார்கள் என்பதை வைத்தே வாங்குவதா கட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கியரைப் பாருங்கள்

3.07 கிரவுன்-பினியன் (ஆக்சிலில் உள்ள கடைசிப் பல்சக்கர விகிதம்) உள்ள வண்டியில் 33 அங்குல டயர் மாட்டிவிட்டு இழுவை இல்லை என்றால், குறை இன்ஜினில் இல்லை. 4.0-லிருந்து 4.6-க்குப் போனால் கொள்ளளவு சுமார் 16 சதவீதம் கூடும், முறுக்குவிசையும் ஏறக்குறைய அதே அளவில் ஏறும். 3.07-ஐ எடுத்துவிட்டு 4.56 போட்டால் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை சுமார் 49 சதவீதம் கூடுகிறது. முன், பின் இரண்டு ஆக்சிலையும் மாற்றினாலும் ஸ்ட்ரோக்கரைவிடச் செலவு குறைவு. கியர் சரியாக இருந்தும் போதவில்லை, அல்லது இன்ஜின் எப்படியும் ஓவர்ஹாலுக்கு வந்துவிட்டது என்றால் மேலே படியுங்கள்.

கணக்கு

பழைய 4.2 கிராங்க், 4.2 ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது), 4.0-இன் வழக்கமான பிஸ்டன் என்ற மலிவான சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். ராடு நீளம் 149.2 மி.மீ., பாதி ஸ்ட்ரோக் 49.5, ராடு மாட்டும் பிஸ்டன்-பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 40.7. கூட்டினால் 239.4. உங்கள் பிளாக்கின் டெக் உயரம் (கிராங்க் மையத்திலிருந்து மேல்பரப்பு வரை) 240.1 என்று அளந்தால், பிஸ்டன் மேலே வந்த நிலையிலும் 0.7 மி.மீ. பள்ளத்தில் நிற்கும். பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கட் நசுங்கிய பின் 1.3 மி.மீ. ஆக, பிஸ்டன் தலைக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி. இது அதிகம். 1.0 முதல் 1.3 வரை இருந்தால்தான் அந்த ஓரத்துக் கலவை அழுத்தப்பட்டு நடுவே பீறிட்டுக் கலந்து, ஒரே சீராக எரியும். 2 மி.மீ. விட்டால் ஓரத்தில் தேங்கிய கலவை தானாகத் தீப்பிடித்து நாக்கிங் வரும்.

அடுத்து கம்ப்ரஷன். 0.030 ஓவர்சைஸில் ஒரு சிலிண்டர் 764 சி.சி. ஹெட் அறை 57, பிஸ்டன் குழி 15, கேஸ்கட் 10, மேலே சொன்ன பள்ளம் 5 என்றால் மொத்தம் 87. விகிதம் 9.8. பெரும்பாலான ஒரிஜினல் 4.0-களில் அது 8.8. இடைவெளியைக் குறைக்க பிளாக் மேல்பரப்பை 0.7 மி.மீ. இழைத்தால் 82 சி.சி. ஆகி, விகிதம் 10.3-க்கு ஏறிவிடும். ஒன்றைச் சரிசெய்யப்போனால் மற்றது கெடும். குழி பெரிதான பிஸ்டன் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். 22 சி.சி. குழி இருந்தால் இடைவெளி 1.3-இலேயே நிற்க, விகிதம் 9.6-க்கு இறங்கும். அமெரிக்க பம்புகளில் கிடைக்கும் 91 ஆக்டேனுக்கு இது பொருந்தும். 87 ஆக்டேனில்தான் ஓட்டுவேன் என்பவர்கள் ஹெட் அறையையோ பிஸ்டன் குழியையோ இன்னும் பெரிதாக்கி 9.2-க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெட் அறையை பியூரெட் வைத்து அளக்க வேண்டும், டெக் உயரத்தை நான்கு மூலையிலும் பார்க்க வேண்டும். 1987-90 வண்டிகளின் ரெனிக்ஸ் என்ற எரிபொருள்-இக்னிஷன் கட்டுப்பாட்டு அமைப்பில் நாக் சென்சார் இருப்பதால், நாக்கிங் வந்தால் அது இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். 1991 முதல் வந்த இன்ஜின்களில் அந்தக் காவல் இல்லை. கணக்கில் விட்ட பிழையைப் பிஸ்டன்தான் தாங்க வேண்டியிருக்கும்.

4.0-இன் 155.6 மி.மீ. ராடுகளையே வைத்துக்கொள்வது இரண்டாவது வழி. அதற்குப் பிஸ்டன்-பின் மையத்திலிருந்து தலை வரை 35 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான தனிப் பிஸ்டன் தேவை, விலையும் கூடும். ஆனால் ராடு-ஸ்ட்ரோக் விகிதம் 1.51-லிருந்து 1.57 ஆவதால் பிஸ்டன் சுவரில் சாய்ந்து தேய்ப்பது குறைகிறது. கையில் பணம் இருந்தால் இதையே எடுங்கள்.

வாங்குவதானால்

எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதில் பயனில்லை. விற்பவரிடம் கேட்க வேண்டியவை: கம்ப்ரஷன் விகிதம், பிஸ்டன்-ஹெட் இடைவெளி, பிஸ்டன் குழி அளவு, எந்த ராடு, கேமின் டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு, டிகிரியில்), எந்த ஹெட் வார்ப்பு. நல்ல பட்டறை இவற்றை ஒவ்வொரு பிளாக்குக்கும் எழுதி வைத்திருக்கும். இடைவெளியைக் கேட்டால் மழுப்புகிறவர்களிடம் வாங்காதீர்கள்.

0331 என்ற எண் வார்த்த ஹெட்டுகளில் மூன்றாம், நான்காம் சிலிண்டர்களுக்கு நடுவே விரிசல் வருவது தெரிந்த குறை. பழைய 0331-ஐயே சுத்தம் செய்து தருகிறார்களா, அந்த இடம் திருத்தப்பட்ட புது வார்ப்பா, அல்லது 7120, 0630 ஹெட்டா என்று தெளிவாகக் கேளுங்கள்.

வாரண்டித் தாளை முழுதாகப் படியுங்கள். சாலைக்கு வெளியே ஓட்டினால் செல்லாது, பட்டறையில்தான் மாட்ட வேண்டும், அதிக வெப்பம் கண்டால் செல்லாது என்ற வரிகள் சாதாரணம். பழைய இன்ஜினைத் திருப்பித் தரும் ஒப்பந்தம் என்றால், விரிசல் விட்ட பிளாக்குக்கு டெபாசிட் பணம் திரும்பாது. போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

தினமும் வேலைக்குப் போவது இதே வண்டியில்தான் என்றாலோ, நம்பக்கூடிய போரிங் பட்டறை அருகில் இல்லை என்றாலோ, வாங்குவதே சரி.

கட்டுவதானால்

வண்டியில் ஓடும் இன்ஜினைக் கழற்றாதீர்கள். தனியாக ஒரு பழைய 4.0 வாங்கி, அதை ஸ்டாண்டில் ஏற்றி நிதானமாகக் கட்டுங்கள். 1996 முதல் வந்த பிளாக்கில், கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்களை இணைக்கும் கார்டர் உண்டு, அது கிடைத்தால் நல்லது. வாங்கியதும் கொதிநீர்த் தொட்டியில் கழுவி, விரிசல் சோதனை செய்த பிறகே மற்ற பாகங்களுக்குப் பணம் போடுங்கள். 0.060 ஓவர்சைஸ் போக வேண்டுமானால் சிலிண்டர் சுவர்த் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளக்காமல் போர் போட விடாதீர்கள். சுவர் மெலிந்தால் காட்டில் மெதுவாக ஏறும்போது சூடேறிக்கொண்டே இருக்கும், ரேடியேட்டரை மாற்றியும் தீராது.

4.2 இன்ஜின் ராங்லரில் 1990-உடன் நின்றது. நல்ல கிராங்க் கிடைப்பது இப்போது அரிது. சமநிலைக்கான எடைகளின் எண்ணிக்கையை வைத்து, பழைய 12 எடைக் கிராங்க், பிந்தைய 4 எடைக் கிராங்க் என இரண்டு வகை உண்டு. 4 எடை இலகுவானது. எதுவானாலும் முன் மூக்கின் நீளத்தையும் பின்புறம் கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் துளையையும் உங்கள் 4.0 கிராங்கோடு வைத்து அளந்து பாருங்கள். வேறுபட்டால் லேத்தில் சரிசெய்யலாம், கியர்பாக்ஸ் மாட்டும் நாளில் கண்டுபிடித்தால்தான் வேதனை. பழையது தேறவில்லை என்றால் புதுக் கிராங்க், ராடு, பிஸ்டன் சேர்ந்த கிட் வாங்கிப் பிளாக் வேலையை மட்டும் பட்டறையில் கொடுக்கலாம். பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வது இந்த நடுவழியைத்தான்.

ரிங் போடும் முன், பேரிங் மட்டும் வைத்து ஒருமுறை வெறுமனே கோத்துச் சுழற்றுங்கள். பிஸ்டன் பாவாடை கிராங்கின் எடைகளில் இடிக்கிறதா, ராடு போல்ட் பிளாக்கின் ஓரத்தில் உரசுகிறதா என்று ஆறு சிலிண்டரிலும் பாருங்கள். பிறகு கிராங்கை பேலன்ஸ் செய்யக் கொடுங்கள்.

கோக்கும்போது தேவைப்படும் அளவுகள்: மெயின் பேரிங் இடைவெளி 0.03-0.06 மி.மீ., கிராங்க் முன்பின் ஆட்டம் 0.04-0.16, மேல் ரிங் வாய் சுமார் 0.40. மெயின் கேப் 108 நியூட்டன் மீட்டர், ராடு நட் 45. ஹெட் போல்ட் 30, 61, கடைசியாக 149 என மூன்று சுற்று. 11-ஆம் போல்ட் மட்டும் 135, அதன் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். அது வாட்டர் ஜாக்கெட்டுக்குள் இறங்குகிறது, தடவாவிட்டால் தண்ணீர் கசியும்.

கேமில் பேராசை வேண்டாம். 0.050 அங்குல லிஃப்டில் 200 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பாறையில் தேவைப்படுவது கீழ்வேகத்து இழுவை, நீண்ட டியூரேஷன் அதைத்தான் தின்னும். கேம் புதிது என்றால், அதன் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் 12 லிஃப்டர்களும் புதிதாக வேண்டும். பிளாக்கை இழைத்திருப்பதால் புஷ் ராடு நீளத்தை மறுபடி அளக்க வேண்டும், இந்த ராக்கரில் சரிசெய்யும் திருகு கிடையாது.

எரிபொருள்

இந்த வண்டிகள் காற்றை நேரடியாக அளப்பதில்லை, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்து ஊகிக்கின்றன. சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் குறையை ஈடுகட்டிவிடும். முழு மிதியில் அது கணக்கில் வராது, கலவை வறண்டுவிடும். பழைய இன்ஜெக்டருக்குப் பதில் மணிக்கு 24 பவுண்டு வகை பெரும்பாலும் போதும், ஆனால் உங்கள் ஆண்டின் ரயில் அழுத்தத்தைப் பாருங்கள்: 1997 முதல் 49 பி.எஸ்.ஐ., அதற்கு முன் 39. காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து முழு மிதியில் அளந்து பார்க்காமல் சுமை ஏற்றாதீர்கள். கலிஃபோர்னியாவில் பதிவான வண்டி என்றால், மாற்றும் பாகங்களுக்கு அங்குள்ள காற்று வள வாரியத்தின் அனுமதி எண் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்

வாங்கியதானாலும் கட்டியதானாலும் இது ஒன்றுதான். ஆயில் பம்பை டிரில் வைத்துச் சுழற்றி, ராக்கர்களில் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பின் ஸ்டார்ட் செய்யுங்கள். துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்கள். பற்றியதும் 2000-2500 சுழற்சியில் 20 நிமிடம் வையுங்கள், ஐடிலில் விடவே கூடாது. கேம் முகட்டுக்கு ஆயில் தெறிப்பது அந்த வேகத்தில்தான், ஐடிலில் விட்டால் சில நிமிடங்களில் முகடு தேய்ந்துபோகும். பிறகு ஆயிலை இறக்கி, ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் நிறைய இருந்தால் கேமும் லிஃப்டரும் தேய்கின்றன. ஒட்டாத மினுமினுப்பு என்றால் பேரிங். இரண்டில் எது தெரிந்தாலும் வண்டியை நகர்த்தாமல் சம்பை (அடியில் உள்ள ஆயில் தொட்டியை) கழற்றுங்கள்.